பட்டன் இருக்கிறது என்னும் சாக்கு

"டயரில் பட்டன் நிறைய இருக்கிறது; இன்னும் இரண்டு பெருநாளுக்கு ஓடும்." வளைகுடாவில் உழைத்து வாங்கிய காரைக் குறித்து நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வீட்டுக்காரர் விடுமுறையில் வந்தால் மட்டுமே வெளியே வரும் வண்டி. எட்டு ஆண்டுகளில் இருபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிராது. ஆகவே டயரும் புதிதுதான் என்கிறார்கள். இது அறியாமை, ஆபத்தான அறியாமை.

ரப்பர் ஓட்டத்தால் மட்டும் கெடுவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெப்பமும், நிற்கும் வண்டியின் டயரையும் இறுகச் செய்கின்றன. வெடிப்பைத் தடுக்க ரப்பரில் கலக்கப்படும் மெழுகு, சக்கரம் உருளும்போதுதான் நன்றாக மேற்பரப்புக்கு வரும். கொட்டகையிலேயே கிடந்தால் அந்தக் காப்பும் குறைகிறது. அத்தகைய டயரில் காற்றும் குறைந்திருக்க, குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு, மே மாத வெயிலில் நான்கு வழிச்சாலையில் விரைகிறோம்!

டயரின் வயது அதன் பக்கச் சுவரிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. 'டாட்' எனத் தொடங்கும் வரிசையின் இறுதி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வெளிப்பக்கம் இல்லையெனில் உட்பக்கம் இருக்கும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும், பத்து ஆண்டுக்கு மேல் எந்நிலையிலும் ஓட்டலாகாது என்கின்றன டயர் நிறுவனங்கள் பல. கார் நிறுவனங்கள் சில ஆறு ஆண்டையே எல்லையாக்குகின்றன. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான்.

பட்டனுக்கு நம் நாட்டுச் சட்டம் வைத்த கடைசி வரம்பு 1.6 மில்லிமீட்டர். பள்ளங்களின் நடுவேயுள்ள சிறு மேடுகளின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மழைச்சாலையில் பிடிமானம் அதற்கு முன்பே குறைந்துவிடுகிறது. பக்கச் சுவரில் கொப்புளம் கண்டால் உள்ளிழைகள் அறுந்துவிட்டன என்று பொருள், அன்றே கழற்றுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, "அல்லாஹ் நாடியது நடக்கும்" என்று வாயை அடைப்போரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்று கற்ற சமுதாயம் இப்படிப் பேசலாமா? பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகள் நம்மிடமுள்ள அமானிதம் அல்லவா? பணமில்லை என்பதும் பொய். சிறிய காரின் நான்கு டயர்களும் வலீமாவில் ஒரு பந்திக்கு ஆகும் செலவுக்குள் வந்துவிடும்.

புதிதாக வாங்கும்போதும் அந்த நான்கு இலக்கங்களைப் படித்த பின்னரே காசைக் கொடுங்கள். தள்ளுபடியில் தரப்படுவது கடையிலேயே மூன்றாண்டு கிடந்த சரக்காகவும் இருக்கலாம்.