பெண்பாலே முதலாகட்டும்!

பிரெஞ்சு பயிலத் தொடங்கும் மாணவர் அனைவரும் மனனம் செய்யும் விதி ஒன்று உண்டு. ஆண்பால் பெயரடையின் ஈற்றில் ஓர் எகரத்தைச் சேர்த்தால் பெண்பால் கிடைக்கும் என்பதே அது. எழுதுவதற்கு இவ்விதி பெரும்பாலும் பொருந்தும். பேசுவதற்கோ இது நம்மைத் தடுமாற வைக்கிறது என்பது என் கருத்து. நானும் அவ்வாறு தடுமாறியவனே.

'சிறிய' என்னும் பொருள்தரும் சொல்லைக் காண்போம். ஆண்பாலில் 'பெத்தி', பெண்பாலில் 'பெத்தித்'. பச்சைக்கு 'வேர்', 'வேர்த்'. வெள்ளைக்கு 'ப்ளான்', 'ப்ளான்ஷ்'. பருத்ததற்கு 'க்ரோ', 'க்ரோஸ்'. நாம் சேர்த்த எகரம் பொதுவழக்கில் ஒலிப்பதே இல்லை. காதில் விழுவது ஒரு மெய். அதுவும் சொல்லுக்குச் சொல் மாறுகிறது. ஆண்பாலை மட்டும் கேட்டவன் எந்த மெய் வருமென்று எப்படி அறிவான்? பெண்பாலை அறிந்தவனுக்கோ அந்த மெய்யை விட்டுவிட்டால் போதும், ஆண்பால் வந்துவிடும். அமெரிக்க மொழியியலறிஞர் புளூம்ஃபீல்டு 1933இல் வெளியிட்ட 'மொழி' என்னும் நூலில் இவ்வழியையே காட்டினார்.

அசை பிரித்தாலும் இது விளங்கும். 'பெத்தித்' மெய்யில் முடியும் மூடிய அசை உடையது. 'பெத்தி' உயிரில் முடியும் திறந்த அசை உடையது. ஆனால் உயிரில் தொடங்கும் சொல் பின்னே வந்தால், ஆண்பாலில் மறைந்திருந்த மெய் வெளிப்படுகிறது. குழந்தையைக் குறிக்கும் 'ஆன்ஃபான்' சேரும்போது 'பெ-தி-தான்-ஃபான்' என்றாகிறது. நம் 'பால்', 'ஆறு' இரண்டும் 'பா-லா-று' ஆவதுபோல, மெய் அடுத்த அசைக்குத் தலையாகிவிடுகிறது. பெண்பாலைக் கற்றவனுக்கு இத்தகரம் புதிதன்று.

விலக்குகள் இல்லாமல் இல்லை. 'சிவந்த' எனப் பொருள்படும் 'ரூஜ்' இருபாலுக்கும் ஒன்றே. உயிருக்கு முன் 'க்ரோ' பெறும் மெய், பெண்பாலின் 'ஸ்' அன்று. ஆங்கில 'இசட்' எழுத்தின் ஒலி. இவற்றைத் தனியே கற்கத்தான் வேண்டும். எனினும் சில விலக்குகளுக்கு அஞ்சிப் பல சொற்களுக்கு உதவும் வழியைக் கைவிடலாமா?

அகராதியில் ஆண்பால் முன்னே நிற்பது அச்சு மரபு; அதுவே கற்கும் வரிசையாக வேண்டியதில்லை. கண்ணால் மட்டும் மொழி கற்றவர், தேர்வில் வென்றாலும் உரையாடலில் தோற்பர். ஆகவே பெயரடைகளைப் பெண்பாலிலிருந்து தொடங்கி, வாய்விட்டுச் சொல்லவைத்துக் கற்பிக்குமாறு ஆசிரியப் பெருமக்களை அன்புடன் வேண்டுகிறேன்.