எங்கே நின்று எடுத்தீர்கள்?

நம் இதழுக்கு வரும் நிலக்காட்சிப் படங்களை வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்தால், எடுத்தவர்களின் உயரத்தைச் சொல்லிவிடலாம். கேமரா பெரும்பாலும் கண்ணுக்கு நேரே இருந்திருக்கிறது. கால்கள் சாலையோரத்தில், வண்டி நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கின்றன. வண்ணம் நன்றாக வந்திருக்கிறது, கூர்மையில் குறையில்லை, தொடுவானம் சாயவில்லை. இருந்தும் படம் தட்டையாக நிற்கிறது. எடுத்தவருக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் படங்களோடு வரும் கடிதங்களில் எந்த லென்ஸ் வாங்கலாம், எந்த ஃபில்டர் போட்டால் இந்தக் குறை தீரும் என்ற கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

எதுவும் வாங்க வேண்டாம், இடம் மாறி நில்லுங்கள் என்பதே என் பதில். காட்சியமைப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, வியூஃபைண்டரில் கண் வைப்பதற்கு முன்பே காலால் முடிவாகிவிடுகிறது.

மூன்றில் ஒரு பங்கு விதியைப் பற்றி முதலிலேயே பேசிவிடலாம், பயிற்சி வகுப்புகளெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. அந்தப் பெயரில் அதை எழுதிவைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர். நாட்டுப்புறக் காட்சிகளைப் பற்றி 1797-இல் வெளியிட்ட நூலில், படத்தை வானமும் நிலமும் சரிபாதியாகப் பங்குபோடுவது நன்றாக இராது, ஒன்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள் என்றார். அந்த யோசனை இன்று கேமராத் திரையில் கோடாகவே வந்துவிட்டது. அதனால் கெடுதல் இல்லை. ஆனால் சட்டகத்துக்குள் ஒரு பொருளை எங்கே வைப்பது என்பதை மட்டுமே அது சொல்லும். மரத்துக்கும் மலைக்கும், வரப்புக்கும் வானத்துக்கும் இடையே என்ன உறவு என்பதைச் சொல்லாது. ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் எடுத்துவரும் கடல் படங்களில் தொடுவானம் சட்டகத்தின் நட்டநடுவில் ஓடுகிறது. நீரும் காற்றும் தவிர வேறெதுவும் இல்லாத அந்தப் படங்களுக்கு வேறு எந்தப் பங்கீடும் பொருந்தியிருக்காது. விதியை மீறினாரா என்று அங்கே கேட்கவே தோன்றாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அருகிலிருப்பது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, தொலைவிலிருப்பது எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது, எது எதை மறைக்கிறது ஆகிய மூன்றையும் தீர்மானிப்பது கேமரா இருக்கும் இடம் மட்டுமே. லென்ஸ் அல்ல. ஒரே இடத்தில் நின்று 24 மி.மீ. லென்ஸில் ஒரு படமும் 200 மி.மீ. லென்ஸில் ஒரு படமும் எடுத்து, முதல் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். பொருள்களின் உறவு இம்மியும் மாறியிருக்காது. ஜூம் வளையத்தைத் திருப்புவது வெட்டுவதற்குச் சமம். ஓரடி நகர்வதோ படத்தையே வேறாக்கிவிடும்.

இந்த நகர்தலில் நாம் அதிகம் மறந்துபோவது உயரத்தை. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து நண்பர்கள் எழுதும் குறை ஒன்று உண்டு: "எங்கள் ஊர் தட்டை, மலை இல்லை, படத்தில் பாதி வெறும் முன்புலம், மீதி வெறும் வானம்." இதைக் கணக்காகவே பார்க்கலாம். முழுச்சட்டக் கேமராவில் 24 மி.மீ. லென்ஸை மாட்டிப் படுக்கைவாட்டில் பிடிக்கிறோம். கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்குப் 10 மீட்டர் தள்ளித் தொடங்கித் தொடுவானம்வரை விரியும் அத்தனை வயலும் படத்தின் உயரத்தில் 15 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். அதிலும் 100 மீட்டருக்கு அப்பால் உள்ளது முழுவதும் ஒன்றரை விழுக்காடு, அதாவது ஒரு கோடு. கேமராவை முழங்கால் உயரத்துக்கு, அரை மீட்டருக்கு இறக்கினால் அந்த 15 என்பது 5 ஆகச் சுருங்கும். 3 மீட்டருக்கு ஏற்றினால் 30 ஆக விரியும். கைபேசிகளின் முதன்மை லென்ஸும் பெரும்பாலும் இதற்கு நெருங்கிய கோணத்தையே பார்ப்பதால், கைபேசிக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறைய பொருந்தும்.

ஆக, தட்டையாக இருப்பது ஊர் அல்ல. வரப்புகளின் நெளிவும், வாய்க்கால் திரும்பும் இடமும், நடவு முடிந்த வயலுக்கும் முடியாத வயலுக்கும் உள்ள நிற வேறுபாடும் நடுப்புலத்தில்தான் இருக்கின்றன. கண் உயரத்தில் நிற்கும்போது அந்த நடுப்புலம் நசுங்கிவிடுகிறது. ஆற்றங்கரை, மதகின் மேல்தளம், களத்துமேட்டு வீட்டின் மாடிப்படி, நிறுத்திவைத்த டிராக்டரின் டிரெய்லர் என்று 3 மீட்டர் உயரம் தரும் இடங்கள் டெல்டாவில் நிறையவே இருக்கின்றன. எதுவும் இல்லையென்றால் முக்காலியின் கால்களை மடக்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கைபேசித் திரையில் பார்த்து எடுக்கலாம். ட்ரோன் இருக்கிறதே என்பார்கள். அது வேறு படம் தரும். 100 மீட்டருக்கு மேலே போனதும் நிலம் வரைபடமாகிவிடும், நிற்கும் மனிதரின் இடத்திலிருந்து பார்க்கும் உணர்வு போய்விடும். இரண்டு மீட்டருக்கும் ஐந்து மீட்டருக்கும் நடுவில் உள்ள அடுக்கை நம்மில் யாரும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம்.

ஆன்சல் ஆடம்ஸ் பயன்படுத்தினார். 1941 இலையுதிர் காலத்தில் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் கடந்து போகும்போது அவர் எடுத்த நிலவுதயப் படம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அவசரத்தில் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை, நிலவின் ஒளியளவு மனத்தில் இருந்ததால் அதைக் கொண்டே கணக்கிட்டார் என்ற பகுதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கேமராவை எங்கே வைத்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. காரின் கூரைமேல் அவர் ஒரு மேடை அமைத்து வைத்திருந்தார். 8க்கு 10 அங்குலக் கேமராவை அதன்மேல் ஏற்றித்தான் எடுத்தார். படத்தைத் திரும்பப் பாருங்கள். புதர்க்காடு, கல்லறைச் சிலுவைகள், வீடுகள், தேவாலயம், பின்னால் மலைத்தொடர் எல்லாம் ஒன்றையொன்று விழுங்காமல் அடுக்கடுக்காக நிற்கின்றன.

ஏறுவது மட்டுமே வழி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சமதரையில் தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே ஓடும். கேமராவைவிட உயரமானதெல்லாம் தொடுவானத்தைத் தாண்டி வானத்தில் நிற்கும், குள்ளமானது நிலத்துக்குள் கிடக்கும். குனிந்து நாற்று நடுபவரின் முதுகு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். நின்றபடி எடுத்தால் அவர் பச்சைக்குள் பச்சையாகக் கரைந்துவிடுவார். வரப்பில் உட்கார்ந்து கேமராவை முழங்காலுக்கு இறக்கினால் அவர் முதுகின் வளைவு வானத்தில் எழும். நிலம் முக்கியமா, அவர் முக்கியமா என்று முடிவு செய்தால் உயரம் தானே முடிவாகும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பதும், நாற்றங்காலை மிதிக்காமல் இருப்பதும் நம் வேலையின் பகுதி.

பக்கவாட்டில் நகர்வதற்கு வருவோம். மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடையில் இருக்கும் யானைமலையை, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் ட்ரைப் 1858-இல் படமெடுத்தார். மலையின் நீண்ட பக்கத்தை விட்டுவிட்டு முனைப்பக்கத்தில் நின்றும் எடுத்திருக்கிறார். பெரிய கேமராவையும் மெழுகுத்தாள் நெகட்டிவ்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர். எங்கே இறக்குவது என்பதை நன்றாக யோசித்த பிறகே இறக்கியிருப்பார். அந்த மலையைச் சுற்றிப் போகப் போக, படுத்திருக்கும் யானை மெல்ல மறைந்து நீண்ட பாறைச் சுவர் ஒன்று மட்டும் மிஞ்சும். எந்த இடத்தில் யானை இருக்கிறது, எந்த இடத்தில் பாறை இருக்கிறது என்பது நடந்து பார்த்தவருக்கே தெரியும். நம் வாசகர்கள் அனுப்பும் யானைமலைப் படங்களிலோ, முன்னால் நிற்கும் பனையின் கொண்டை மலையின் விளிம்பில் சரியாகப் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் பனை தனியாகவும் மலை தனியாகவும் நின்றிருக்கும்.

எவ்வளவு நகர வேண்டும் என்பது முன்னால் நிற்கும் பொருளின் தொலைவைப் பொறுத்தது. முழு நிலவின் அகலம் வானத்தில் ஏறக்குறைய அரைப் பாகை. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோபுரத்தின் அருகே நிலவை அதன் அகலம் அளவுக்கு நகர்த்த வேண்டுமானால், நாம் 9 மீட்டர் நடந்தால் போதும். அமெரிக்கரான கேலன் ரோவெல் 1981-இல் லாசாவில் பொட்டாலா அரண்மனைமேல் வானவில் இறங்கும் படத்தை எடுத்தார். அரண்மனைக்கு விலகி வேறிடத்தில் நின்ற வானவில்லைப் பார்த்ததும் அவர் ஓடினார். வானவில் பார்ப்பவரோடு சேர்ந்தே நகரும் என்பதால், அதன் முனை அரண்மனைமேல் விழும் இடம் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உடனிருந்தவர்கள் எல்லோரும் பார்த்த அதே வானவில்தான். படம் அந்த ஓட்டத்தில் கிடைத்தது.

மலையூர்களில் இந்த நகர்தல் மிகவும் குறைவாக நடக்கிறது. அங்கே 'வியூ பாயிண்ட்' என்று பலகை வைத்து, கைப்பிடிக் கம்பி போட்டு, நமக்காக வேறு யாரோ இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கிலும் தூண் பாறையிலும் எடுத்த படங்கள் ஒன்றுபோலவே வருவதற்குக் காரணம் அந்தக் கம்பிதான். 11-ஆம் நூற்றாண்டில் சீன ஓவியர் குவோ ஷி, மலையை வரைபவர்களுக்கு மூன்று தொலைவுகளைச் சொன்னார். அடிவாரத்தில் நின்று உச்சியை அண்ணாந்து பார்ப்பது ஒன்று. மலைக்கு முன்னால் நின்று, மடிப்புகளுக்கு ஊடே பின்னால் இருப்பதை எட்டிப் பார்ப்பது இன்னொன்று. ஒரு மலைமேல் நின்று தொலைவில் உள்ள மலைகளை நேர்மட்டமாகப் பார்ப்பது மூன்றாவது. 1072-இல் அவர் வரைந்த 'முன்வசந்தம்' ஓவியத்தில் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. நமக்கு வரும் மேற்குத் தொடர்ச்சி மலைப் படங்களில் ஏறக்குறைய எல்லாமே மூன்றாவது வகை. முதல் வகைக்கு அடிவாரத்துக் கண்மாய்க்கரையில் நின்று அண்ணாந்தால் போதும். இரண்டாவது வகையைத் தேடி அனுமதியின்றிச் சோலைக்காட்டுக்குள் புக வேண்டியதில்லை. மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே, யாரும் வண்டி நிறுத்தாத இடங்களில் அது காத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை விட்ட மறுநாள் காலையில் போனால் காற்றில் தூசி இராது. மடிப்புக்குப் பின் மடிப்பாகத் தெரியும்.

நிற்கும் இடத்தை முன்கூட்டியே தேர்ந்துவைக்க இன்னொரு காரணமும் உண்டு. பொன்னொளி நேரம் பற்றி நாம் படிக்கும் நூல்களில் பல, நம்மைவிட வெகு வடக்கே வாழ்பவர்கள் எழுதியவை. லண்டனில் சூரியன் உதித்து 6 பாகை உயர, சம இரவு நாளில் 40 நிமிடமும் டிசம்பரிலும் ஜூனிலும் 50 நிமிடத்துக்கு நெருக்கமாகவும் ஆகும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஆண்டு முழுவதும் 24 முதல் 27 நிமிடத்துக்குள் அது முடிந்துவிடும். நம் சூரியன் செங்குத்தாக ஏறுகிறது. ஒளி வந்த பிறகு இடம் தேடலாம் என்று அந்த நூல்களை நம்பிப் போகிறவர், இடம் கிடைக்கும்போது ஒளியை இழந்திருப்பார். முதல் நாள் பகலிலேயே போய், வெயிலில் நடந்து, உயரத்தையும் பக்கத்தையும் முடிவு செய்து வைத்துவிட வேண்டும். அந்த நடையில் ஒரு படம்கூட எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

மென்பொருளால் வானத்தை மாற்றுவது பற்றிப் பலர் எங்கள் நிலைப்பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். ட்ரைப் காலத்துத் தாள் நெகட்டிவ்கள் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கியதால் வானம் வெறும் வெள்ளையாக விழுந்தது. அவர் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். ஆகவே இது புதிய பழக்கம் என்று யாரையும் குற்றம்சாட்ட மாட்டேன். என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வானம் பிறகு வரும் என்று நினைத்து எடுப்பவர், அந்த வானத்துக்கு ஏற்றபடி நிலத்தை அமைப்பதில்லை. மேகத்தின் சாய்வு ஒரு பக்கம் போக, வரப்பு இன்னொரு பக்கம் போகிறது. அதேபோல, மின்கம்பியையும் கைபேசிக் கோபுரத்தையும் அழித்துவிட்டு அனுப்புகிறார்கள். முப்பந்தலில் காற்றாலைகளை அழித்துவிட்டால் அந்த நிலத்தில் இன்று நடப்பதையே அழித்ததாகும். அவற்றுக்கும் சட்டகத்தில் ஓர் இடம் கண்டுபிடிப்பதுதான் நிலக்காட்சிக்காரரின் வேலை. மறைக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும்படி நகர்ந்து நில்லுங்கள்.

இதையெல்லாம் கருதி, அடுத்த நிலக்காட்சிப் போட்டிக்கு விதியை மாற்றியிருக்கிறோம். ஒவ்வொருவரும் மூன்று படங்கள் அனுப்ப வேண்டும். ஒன்று, நீங்கள் தேர்ந்தெடுத்த படம். மற்ற இரண்டும் அதே காட்சியை அதே வேளையில் வேறு இடத்திலிருந்தும் வேறு உயரத்திலிருந்தும் எடுத்து, வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கியவை. மூன்றுக்கும் கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது, எதன்மேல் நின்றீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். லென்ஸின் பெயர் வேண்டாம். கைபேசிப் படங்களுக்குத் தனிப் பிரிவு கிடையாது, எல்லாம் ஒன்றாகவே பார்க்கப்படும். தேர்வுக் குழு முதலில் பார்க்கப்போவது நீங்கள் ஒதுக்கிய இரண்டு படங்களை.