கூகுளுக்கு எட்டாத அலமாரி

'ஆய்வேடுகளுக்கு இணையத்தில் சோத்கங்கா இருக்கிறது, கல்வியியல் ஆய்வுக்குப் பல்கலைக்கழக நூலகம் எதற்கு?' என்கிறார் நண்பர். புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டாரத்து ஆய்வு மாணவி ஒருத்தி, 1991இல் அந்த மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தை எடுத்துக்கொள்கிறாள் என்று வைப்போம். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் சைக்கிள் பழகியது இணையத்தில் கிடைக்கும். எல்லாரும் அதையேதான் திரும்ப எழுதுகிறார்கள். அன்றைய வாசிப்புப் புத்தகங்கள், துண்டறிக்கைகள், பழைய ஆய்வேடுகள்? ஆய்வேட்டை மின்வடிவிலும் கொடு என்று பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்ததே 2009இல்தான். அதற்கு முந்தியவற்றில் பல இன்னும் தாளில்தான் கிடக்கின்றன. திருச்சி பஸ் ஏறினால் பாரதிதாசன் பல்கலைக்கழகம். எதிர்த்திசையில் போனால் திருக்கோகர்ணம் ஞானாலயா நூலகம். தூரம் ஒரு சாக்கே அல்ல. வெளியாருக்கும் வாசிப்பு அனுமதியை எளிதாக்கச் சொல்லிக் கேளுங்கள், நண்பரே. நானும் கையெழுத்துப் போடுகிறேன். நூலகமே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.