காட்டில் மேயும் மாடு: தடை அல்ல, ஒழுங்கே தேவை
பர்கூர் மலை மேய்ச்சல் குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

2024 ஜனவரியில் ஈரோடு மாவட்டம் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் சுமார் 805 சதுர கிலோமீட்டர் காடு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், மறுபக்கம் கர்நாடகத்தின் மலை மாதேஸ்வரா, காவிரி சரணாலயங்கள். யானைக்கும் புலிக்கும் இந்த இணைப்பு அவசியம். அறிவிப்பை நாங்கள் வரவேற்கிறோம்.

ஆனால் அன்றிலிருந்து இந்தக் காட்டிலுள்ள பர்கூர் மலையில் மாடு வளர்ப்பவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "இனிமேல் காட்டுக்குள் மாடு அடைக்கப் பட்டி போடலாமா, கூடாதா?" அதற்குத் தெளிவான பதில் வேண்டும் என்பதற்காகவே இந்த அறிக்கை.

எங்கள் நிலைப்பாடு

பாரம்பரியமாகப் பட்டி போட்டு வருபவர்களின் மேய்ச்சலை ஒட்டுமொத்தமாகத் தடுக்கக் கூடாது. கணக்கு வழக்கில்லாத மேய்ச்சலையும் அனுமதிக்கக் கூடாது. உரிமையை முதலில் அங்கீகரித்து, விதிகளைக் கிராம சபையோடு உட்கார்ந்து எழுதி, அவற்றை வனத்துறையும் மேய்ப்பவர்களும் சேர்ந்து கண்காணிக்க வேண்டும்.

பிரச்சினை எங்கே தொடங்கியது?

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. அப்போது பர்கூர் காட்டின் பெரும்பகுதி அந்தப் பட்டியலில் இல்லை. சரணாலய அறிவிப்பு வந்ததும் அதே காடு, அதே மாடு, அதே பட்டி எல்லாம் தடையின் நிழலுக்குள் வந்துவிட்டன. மலைமக்களின் பயம் வதந்தியில் பிறந்ததல்ல.

பர்கூர் மாட்டைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள், சரிவில் இடறாத கால், ஆள் புதிதென்றால் மிரளும் சுபாவம். பால் கொஞ்சம்தான். கொட்டகையில் கட்டித் தீவனம் வாங்கிப் போட்டால் கட்டுபடியாகாது. காட்டுக்குள் முள் வெட்டி வளைத்த பட்டியில் அடைந்து, காலையில் திறந்துவிட்டால் மேய்ந்து, பொழுது சாயத் தானே திரும்பும் மாடு அது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வரும் பர்கூர் காளை இந்தக் காட்டில் மேய்ந்து வளர்ந்தது. மேய்ச்சல் நின்றால் அந்த இனம் ஆராய்ச்சி நிலையத்தில் மட்டும்தான் மிஞ்சும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காவையும் சரணாலயத்தையும் ஒரே தராசில் வைக்கவில்லை. தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்கு இடமே இல்லை. சரணாலயத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ, கட்டுப்படுத்தவோ, தடுக்கவோ தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு 33ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. தடை அந்த மூன்றில் கடைசி. வன உரிமைச் சட்டம் பொருந்தும் சரணாலயங்களில் கிராம சபையைக் கலந்தாலோசித்தே மேலாண்மைத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்துச் சொல்கிறது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ஓரிடத்தில் தங்கி மேய்ப்பவர்களுக்கும் பருவத்துக்கேற்ப இடம் மாறுபவர்களுக்கும் மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஒரு காலத்தில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு மேய்ச்சல் சீட்டு எழுதிக் கொடுத்ததும் வனத்துறைதான். டிரங்குப் பெட்டியில் மடிந்து கிடக்கும் அந்தச் சீட்டு இன்று சாட்சி. சீட்டு இல்லாதவர்களுக்கும் வழி உண்டு: ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் பழைய மேய்ச்சல் இடங்களையும் விதிகள் சான்றாக ஏற்கின்றன.

எதிர்வாதத்துக்கு எங்கள் பதில்

மாடுகளால் காட்டுக்குக் கேடு வரும் என்பவர்களின் கவலையை நாங்கள் தள்ளிவிடவில்லை. 1968இல் மாட்டு நோயான வெக்கை பரவி, முதுமலை, பந்திப்பூர் காடுகளில் காட்டுமாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வெக்கை ஒழிந்துவிட்டது, கோமாரி ஒழியவில்லை. மாடு அளவுக்கு மீறினால் கடமானுக்குப் புல் மிஞ்சாது. சாணத்தை லாரியில் ஏற்றி விற்பதற்காகவே காட்டுக்குள் மாடு விடும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. இதை மரபு என்ற பெயரில் நாங்கள் காப்பாற்ற மாட்டோம்.

ஆனால் தடை ஒன்றே மருந்தாகிவிடாது. ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்பு நிலத்தில் 1982இல் எருமை மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. எதிர்த்தவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தபோது, எருமைகள் போனதும் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்து, நீர்ப்பறவைகளுக்கு இடம் குறைந்தது தெரியவந்தது. சதுப்பு நிலத்தின் கணக்கு மலைக்காட்டுக்கு அப்படியே பொருந்தாது. தடை போடுமுன் அந்தந்த இடத்தை ஆராய வேண்டும் என்பது மட்டும் எங்கும் பொருந்தும்.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் 2011இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோளிகர் பழங்குடியினரின் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலியும் உரிமையும் ஒரே காட்டில் இருக்க முடியும் என்று அரசே ஒப்புக்கொண்ட முன்னுதாரணம் அது.

அரசிடம் நாங்கள் கேட்பவை

1. நிலுவையிலுள்ள மேய்ச்சல் உரிமை மனுக்களை வன உரிமைச் சட்டத்தின் கோட்ட, மாவட்டக் குழுக்கள் தேதி குறித்து முடிக்க வேண்டும். அதுவரை பட்டிகளை அகற்றக் கூடாது.
2. வன உரிமைச் சட்டம் தரும் மேய்ச்சல் உரிமையை அரசு உயர் நீதிமன்றத்தின் முன் தெளிவாக எடுத்து வைக்க வேண்டும்.
3. பட்டி, நீர்நிலை, மாட்டுத்தடம், யானை வழித்தடம் ஆகியவற்றை வனக்காப்பாளரும் மேய்ப்பவரும் ஒன்றாக நடந்து பார்த்து வரைபடமாக்க வேண்டும்.
4. சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடச் சட்டமே சொல்கிறது. பட்டிக்கே வந்து போட வேண்டும்.
5. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால் இழப்பீடு தாமதமின்றிக் கைக்கு வர வேண்டும்.

மேய்ப்பவர்களிடம் கேட்பவை

பட்டிவாரியாக மாட்டுக் கணக்கைக் கிராம சபையில் ஒப்படையுங்கள். வெளியூர் முதலாளியின் மாட்டை உங்கள் பெயரில் ஓட்டாதீர்கள். காய்ந்த காலத்தில் தீ வைக்காதீர்கள். புலியோ சிறுத்தையோ அடித்துப் போட்ட மாட்டின் மேல் விஷம் வைக்காதீர்கள். ஒரு பட்டி செய்யும் தவறு மலையிலுள்ள எல்லாப் பட்டிகளின் மனுவையும் கெடுக்கும். காடு இளைப்பாற வேண்டிய சரிவுகளைச் சில பருவங்கள் மூடி வைக்கக் கிராம சபை தீர்மானித்தால் அதற்குக் கட்டுப்படுங்கள்.

எங்கள் பங்கு, மனு எழுதவும் வரைபடம் போடவும் உடன் நிற்பது. விதியை மீறும் பட்டிக்காக நாங்கள் பரிந்து பேச மாட்டோம்.

கடைசியாக ஒன்று. சரணாலயத்தின் மேலாண்மைத் திட்டம் ஆங்கிலத்தில் அச்சாகி அலுவலக அலமாரிக்குப் போகக் கூடாது. வரைவாக இருக்கும்போதே அதைப் பர்கூர் கிராம சபையில் தமிழில் வாசிக்க வேண்டும். அங்கே மாடு வைத்திருப்பவர்களில் பலர் வீட்டில் கன்னடம் பேசுபவர்கள். ஆகவே கன்னடத்திலும் வாசிக்க வேண்டும். சட்டம் சொல்லும் கலந்தாலோசனைக்கு எங்கள் அளவுகோல் இதுதான்: கூட்டம் முடிந்து பட்டிக்குத் திரும்புபவருக்கு, நாளைக் காலை மாட்டை எந்தச் சரிவுக்கு ஓட்டலாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.