இந்தியச் சரக்கை நம்பி நிற்கும் கொழும்புத் துறைமுகம்

கொழும்புத் துறைமுகத்தின் மேற்குக் கொள்கலன் முனையம் 2025 ஏப்ரலில் செயற்படத் தொடங்கியபோது, அது நாட்டின் பொருளாதாரத்திற்குக் கிடைத்த பெரும் வாய்ப்பாக வர்ணிக்கப்பட்டது. 20 மீற்றர் ஆழமும், ஆண்டொன்றுக்குச் சுமார் 32 இலட்சம் கொள்கலன்களைக் கையாளும் திறனும் கொண்ட இம்முனையத்தில் இந்தியாவின் அதானி குழுமம் 51 சதவீதப் பங்குகளையும், ஜோன் கீல்ஸ் நிறுவனம் 34 சதவீதத்தையும், இலங்கைத் துறைமுக அதிகார சபை 15 சதவீதத்தையும் கொண்டுள்ளன. ஆயினும், இதனை நிரப்புவதற்கான சரக்கு எங்கிருந்து வரப்போகின்றது என்ற கேள்வி உரிய கவனத்தைப் பெறவில்லை.

20 அடிக் கொள்கலன் கணக்கில் கொழும்பு 2024 ஆம் ஆண்டில் 77 இலட்சத்துக்கும் அதிகமான கொள்கலன்களைக் கையாண்டது. இவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்நாட்டுக்கு உரியவையல்ல. பெரிய கப்பலிலிருந்து இறக்கப்பட்டு, துறைமுக வாயிலைத் தாண்டாமலே வேறொரு கப்பலில் ஏற்றப்படுபவை. அவற்றுள் பெரும்பகுதி இந்தியாவுக்குச் செல்வது அல்லது அங்கிருந்து வருவது. இறக்கும்போதும் ஏற்றும்போதுமாக ஒரே பெட்டி இரு தடவைகள் எண்ணப்படுகின்றது. ஆகவே ஒரு பெட்டி கைநழுவினால் கணக்கில் இரண்டு குறையும். சொந்த இறக்குமதியையும் ஏற்றுமதியையும் மக்கள் தொகை, நுகர்வு, ஆடைத் தொழிற்சாலைகளின் உற்பத்தி என்பவற்றைக் கொண்டு ஓரளவு மதிப்பிட முடியும். கப்பல் மாறும் சரக்கோ, விரல்விட்டு எண்ணக்கூடிய சில கப்பல் நிறுவனங்களின் கால அட்டவணையில் தங்கியுள்ளது.

கொழும்பின் கதை முடிந்தது என்ற அச்சம் முன்னரும் எழுந்ததுண்டு. 2005 இல் சேது சமுத்திரத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டபோது அவ்வாறு பேசப்பட்டது. அது நீதிமன்ற வழக்கில் சிக்கி இடைநடுவில் நின்றது. 2011 இல் கொச்சியின் வல்லார்பாடம் முனையம் திறக்கப்பட்டது. இடையறாது தூர்வார வேண்டிய அதன் வாய்க்கால் மிகப் பெரிய கப்பல்களுக்குப் போதவில்லை. இதற்கிடையில் 2013 இல் சீன முதலீட்டுடன் தெற்கு முனையம் 18 மீற்றர் ஆழத்துடன் இயங்கத் தொடங்கி, கொழும்பை முன்னே நிறுத்தியது. அயலவரின் தடுமாற்றமும் நமது வளர்ச்சிக்கு உதவியது என்பதை மறுப்பதற்கில்லை.

விழிஞ்ஞம் அத்தகையதன்று. 2024 டிசம்பரில் வர்த்தக ரீதியாக இயங்கத் தொடங்கி, 2025 மே 2 இல் இந்தியப் பிரதமரால் திறந்து வைக்கப்பட்ட அத்துறைமுகம் இயற்கையாகவே ஆழமானது. சர்வதேசக் கப்பல் பாதையிலிருந்து சுமார் பத்துக் கடல்மைல் தொலைவிலேயே உள்ளது. அதனை நடத்துவதும் அதானி குழுமமே. மேற்கு முனையத்தின் பெரும்பான்மைப் பங்காளரே போட்டித் துறைமுகத்தை நடத்துபவராகவும் இருக்கையில், எந்தக் கப்பல் எங்கு திரும்பும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்?

2024 இன் வளர்ச்சியை அப்படியே எதிர்காலத்துக்கு நீட்டிக் கோடு வரைவதும் ஆபத்தானது. 2023 இன் இறுதியில் செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கிய கப்பல்கள் கொழும்பில் கூடுதலாகச் சரக்கை மாற்றிச் சென்றன. யுத்தத்தால் வந்த சரக்கு சமாதானத்தால் போகக்கூடும்.

இவையனைத்துக்கும் நடுவே உள்நாட்டுச் சரக்கின் பாடு வேறு. புறக்கோட்டை இறக்குமதியாளர்களும், கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பகுதிகளின் லொறிச் சாரதிகளும், வெள்ளவத்தைப் புடைவைக் கடைக்காரர்களும் நம்பியிருப்பது வாயிலைத் தாண்டி வெளியே வரும் அந்த ஐந்தில் ஒரு பங்கையே. அது தேங்கினால் தாமதக் கட்டணம் கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விடிகின்றது. 2025 ஜனவரியில் நெரிசலைத் தணிப்பதற்கென 323 கொள்கலன்கள் உரிய பரிசோதனையின்றி விடுவிக்கப்பட்டமை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. முனையங்களுக்குக் கொட்டிய பணத்தில் சிறு பகுதியேனும் சுங்கப் பரிசோதனை முற்றங்களுக்கும் துறைமுக வீதிகளுக்கும் செலவிடப்பட்டிருக்க வேண்டும்.

விழிஞ்ஞம் முழு அளவில் இயங்கும் நிலை, செங்கடல் வழமைக்குத் திரும்பும் நிலை ஆகிய இரண்டையும் கணக்கிற்கொண்ட சரக்கு மதிப்பீடொன்றை அரசாங்கம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும். முனைய ஒப்பந்தங்களில் குறைந்தபட்சச் சரக்களவுக்கு உத்தரவாதம் உண்டா என்பதும் அதில் வெளிப்படையாகக் கூறப்பட வேண்டும்.