மூலம் என்று மூடி வைக்காதீர்கள்

தோட்டத்து அம்மாமாரே, அக்காமாரே, அண்ணன்மாரே, அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா டவுன்களில் கடை வைத்திருப்பவர்களே, இங்கே படித்துக் கண்டிக்கும் கொழும்புக்கும் போன எங்கள் பிள்ளைகளே,

நாங்களும் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். எங்களில் இன்றும் கொழுந்து பறிக்கிற பெண்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வைத்தியசாலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆசனவாயில் வரும் புற்றுநோயைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறோம். இதைச் சுற்றிவளைத்துச் சொல்லிச் சொல்லியே நிறையப் பேரை நேரம் கடந்தபின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறோம். ஆகவே பச்சையாகவே பேசுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலம் போகும்போது இரத்தம் பட்டால் நம் லயங்களில் அதற்கு ஒரே பெயர்தான்: மூலம். சூடு என்போம், காரம் கூடிவிட்டது என்போம். கருணைக்கிழங்கு ஆக்கிச் சாப்பிடுவோம், டிஸ்பென்சரியில் களிம்பு வாங்கிப் பூசுவோம். பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும். நாள் முழுக்க மலையில் நின்றபடி வேலை. அங்கே ஒதுங்க ஒரு கக்கூஸ் இல்லை என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனை பேர்! மலச்சிக்கலும் மூலமும் வராமல் என்ன செய்யும்?

ஆனால் ஆசனவாய்ப் புற்றுநோயும் இதே வேஷத்தில்தான் வருகிறது. இரத்தம், வலி, விடாத அரிப்பு, கழுவும்போது கையில் தட்டுப்படும் ஒரு கட்டி, சளியோ சீழோ கசிவது, மலத்தை அடக்க முடியாமல் போவது. சிலருக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டும். எத்தனை வருட அனுபவம் உள்ள டொக்டராக இருந்தாலும், நீங்கள் வாயால் சொல்வதை மட்டும் கேட்டு இது மூலம், இது புற்று என்று பிரிக்க முடியாது. தொட்டும் பார்த்தும்தான் சொல்ல முடியும்.

இது அபூர்வமான நோய். உலகம் முழுவதையும் சேர்த்தால் வருடத்துக்குச் சுமார் 50,000 பேருக்கு வருகிறது, அதில் பெண்கள்தான் அதிகம். இதைவிடப் பல மடங்கு கூடுதலாக வருகிற பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களும் இரத்தம் காட்டித்தான் தொடங்கக்கூடும். ஆகையால் இரண்டு மூன்று கிழமையாகியும் இரத்தம் நிற்கவில்லை என்றால், களிம்பை மாற்றிப் பார்க்காமல் ஆளைக் காட்டுங்கள். தோட்டத்து வைத்திய உதவியாளரிடம் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையோ, எது கிட்டவோ அங்கே போங்கள். வைத்திய உதவியாளர்களையும் கையெடுத்துக் கேட்கிறோம்: இரண்டாம் முறையாக அதே முறைப்பாட்டோடு வருகிறவருக்கு மறுபடி களிம்பு கொடுத்து அனுப்பாதீர்கள்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரியாத பயம்தான் பாதிப் பேரை வீட்டிலேயே வைத்திருக்கிறது. இடப்பக்கமாகத் திரும்பி, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். டொக்டர் கையுறை போட்டு, வழுவழுப்பான ஜெல் தடவி, ஒரு விரலை விட்டுப் பார்ப்பார். தேவைப்பட்டால் சின்னக் குழாய் ஒன்றை வைத்து உள்ளே பார்ப்பார். சில நிமிட வேலை. பெண்களுக்குப் பக்கத்தில் ஒரு தாதி இருக்க வேண்டும் என்று கேட்கலாம், அது உங்கள் உரிமை. சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தை மரக்கச் செய்தோ மயக்கம் கொடுத்தோ துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சதையை எடுத்தால் புற்று பரவும் என்று ஊரில் சொல்வதை நம்பவேண்டாம். அந்தப் பரிசோதனை இல்லாமல் எந்தப் புற்றுநோய் டொக்டரும் சிகிச்சை தொடங்கமாட்டார். பிறகு நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க ஸ்கேன் எடுப்பார்கள். பெண்களுக்குக் கருப்பை வாயையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம்.

சிகிச்சை கண்டி தேசிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் கிடைக்கும், மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் கிடைக்கும். இரண்டும் அரச வைத்தியசாலைகள், சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. “அங்கே போனால் பின்பக்கத்தையே வெட்டி, வயிற்றில் பை கட்டிவிடுவார்கள்” என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1970கள் வரை உலகம் முழுக்க அதுதான் நடந்தது. 1974இல் அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் நோர்மன் நைக்ரோ என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வெட்டுவதற்கு முன் கட்டியைச் சுருக்கலாம் என்று மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். பிறகு வெட்டி எடுத்த சதையில் புற்றுநோயே மிஞ்சியிருக்கவில்லை! அன்றிலிருந்து வெட்டாமல் குணமாக்குவதே முதல் வழியாகிவிட்டது. நோய் பரவுமுன் வந்தவர்களில் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். பிரித்தானியாவில் 940 பேரை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. சிகிச்சை தொடங்கி 26 கிழமை வரை கட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போகலாம், அதற்குள் அவசரப்பட்டு வெட்ட வேண்டியதில்லை என்று அதில் தெரிந்தது. மருந்துக்கும் கதிருக்கும் அடங்காமல் போனாலோ திரும்பி வந்தாலோதான் வெட்டும் சிகிச்சை.

கரண்ட் பிடிப்பது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சில் உடம்புக்குள் மின்சாரம் பாய்வதில்லை. மெஷினுக்குக் கீழே அசையாமல் படுத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் வலி இருக்காது. ஆனால் இலேசான சிகிச்சை என்று பொய் சொல்லமாட்டோம். கிழமைக்கு ஐந்து நாளாக ஐந்தாறு கிழமை போகவேண்டும். பிற்பாதியில் தோல் வெந்து உரியும், வயிற்றோட்டம் போகும், உட்கார முடியாது. முடிந்து சில கிழமைகளில் தோல் ஆறிவிடும். இடையில் விட்டுவிட்டு வந்தால் குணமாகும் வாய்ப்பு குறைந்துபோகிறது.

எங்கள் வேண்டுகோளின் பாதி நோயாளிகளுக்கு என்றால் மறுபாதி மற்ற எல்லோருக்கும். மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ இருந்து ஒரு பெண் ஐந்தாறு கிழமை தினமும் கண்டிக்குப் போய்வர முடியுமா? வார்டில் கட்டில் கிடைக்காவிட்டால் எங்கே தங்குவார்? அவருடைய பேர் விழாத நாட்களில் அடுப்பு எப்படி எரியும்? தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கத் தலைவர்களிடமும் கேட்கிறோம்: சிகிச்சைக்குப் போனவரின் பேரை வெட்டாதீர்கள், அந்த நாட்களுக்கு ஒரு வழி செய்யுங்கள். கண்டியில் வீடு உள்ளவர்களே, ஒரு அறையையாவது ஒதுக்கித் தாருங்கள். கோயில் கமிட்டிகள் திருவிழாக் கணக்கில் ஒரு பங்கைப் பஸ் காசுக்காக எடுத்து வைக்கலாம். பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட நம் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த நோய் வந்தவரைப் பற்றி நாக்கில் நரம்பில்லாமல் பேசுவதையும் விட்டுவிட வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்கு இது எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமும் அதுதான். உறவு கொள்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றிப் போகிற சாதாரண வைரஸ் அது. ஒரே புருஷனோடு ஒழுங்காக வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். யாருடைய நடத்தைக்கும் அது சாட்சி ஆகாது. அமெரிக்க நடிகை மார்சியா குரோஸ் தனக்கு இந்தப் புற்றுநோய் வந்து குணமானதை 2019இல் உலகறியச் சொன்னார். அவருடைய கணவருக்குத் தொண்டையில் வந்த புற்றுநோய்க்கும் இதே வைரஸே காரணமாக இருக்கலாம் என்று சேர்த்துச் சொன்னார். வெட்கப்பட்டுச் சாகிறவர்களுக்காகவே அவர் வாய் திறந்தார். நம் நாட்டில் 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இந்த வைரஸுக்கெதிரான தடுப்பூசி இரண்டு முறை போடுகிறார்கள். சம்மதக் கடிதம் வந்தால் மறுக்காமல் கையெழுத்துப் போடுங்கள். ஊசி போட்ட அன்று பிள்ளை பாடசாலைக்குப் போகவில்லை என்றால் மிட்வைஃப் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, மொழி. தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரச கரும மொழி. இருந்தும் நம் அம்மா ஒருத்தி தன் ஆசனவாயில் இரத்தம் வருவதைச் சிங்களத்தில் டொக்டரிடம் சொல்லச் சொந்த மகனைத்தான் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. மகன் முன்னால் அவர் பாதியை விழுங்கிவிடுகிறார். டொக்டர் கேட்பதில் பாதியை மகன் விழுங்கிவிடுகிறான். இரண்டு மொழியும் தெரிந்த பெண்களே, ஆசிரியைகளே, ஓய்வுபெற்ற தாதிமாரே, மாதத்தில் ஒரு கிளினிக் நாளை இதற்காகத் தாருங்கள். உங்கள் பகுதி மிட்வைஃபிடமோ சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ பெயரைப் பதிந்து வையுங்கள். துண்டு கிடைத்தவருக்கு உங்களைக் காட்டிவிட அவர்களால் முடியும்.