ஐயனார் காட்டுக்கு மைக் செட் எதுக்கு?

கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் ஆன்சைட்ல வேல்ஸ்ல இருக்கான். போன வாரம் வாட்ஸப் குரூப்புல பதினெட்டு போட்டோ போட்டான். ஓக் மரங்கள், அடிமரம் முழுக்கப் பச்சைப் பாசி, நடுவுல ஒத்தையடிப் பாதை, மனுஷ வாடையே இல்ல. "ரெண்டு மணி நேரம் நடந்தேன்டா, ஓடைத் தண்ணி சத்தமும் குருவி சத்தமும் தான். நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க..." ன்னு கீழ ஒரு பெருமூச்சு.

குரூப்புல மொத்தப் பேரும் ஆமாம் சாமி போட்டாச்சு. கூட்டேரிப்பட்டுல என்ன இருக்கு? திருச்சி ஹைவே, புரோட்டா கடை, எங்க பாத்தாலும் வேலிகாத்தான். ஒருத்தன் மட்டும் "நமக்குத் திருவக்கரை இருக்கேடா" ன்னு நக்கலடிச்சான். அதுவும் உண்மைதான். திருவக்கரையில ஒரு காடே படுத்துக் கிடக்கு. என்ன, அது ரெண்டு கோடி வருஷம் பழசு, கல்லாப் போன காடு :)

எனக்குச் சுருக்குன்னுது. ஏன்னா அதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நான் உயிரோட இருக்கற ஒரு காட்டுக்குள்ள தான் நின்னுட்டிருந்தேன். லீவு போட்டுட்டு, இருட்டோட பைக்கை எடுத்து, மயிலம் வழியா பாண்டி ரோட்டைப் புடிச்சு, அங்கேருந்து ஈ.சி.ஆர். பாண்டிச்சேரிக்கு வடக்கால கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வர ஐயனார் கோயில். எங்க வீட்டுக்குக் குலசாமி. சின்ன வயசுலேருந்து எத்தனையோ தடவை போயிருக்கேன். ஆனா ஒவ்வொரு தடவையும் வேன்ல நாப்பது பேரோட, பொங்கப் பானையோட. கோயிலைப் பாத்திருக்கேன், குதிரை பொம்மைங்களைப் பாத்திருக்கேன், சுத்தி இருக்கற காட்டைப் பாத்ததே இல்ல. இந்தத் தடவைதான் தனியாப் போனேன்.

உள்ள பத்தடி போனதும் வெளிச்சம் பாதியாயிடுது. வெளிய ஈ.சி.ஆர்ல பஸ் ஹாரன் அடிக்குது, உள்ள அது எங்கேயோ அடுத்த ஊர்ல அடிக்கற மாதிரி கேக்குது. தொடை தண்டிக்குக் கொடிங்க மரத்துக்கு மரம் தாவி முறுக்கிட்டுக் கிடக்கு. அப்படியே அசையாம நின்னேன். சருகுக்குள்ள ஏதோ சரசரன்னுது. பாம்புன்னு நெனச்சு வயித்தைக் கலக்கிடுச்சு (பேர்லயே புத்து இருக்கற ஊராச்சே!). பாத்தா ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, நீலத்துல ஒரு பட்டை, வாலுக்கு அடியில குங்குமச் சிவப்பு. விடியக்காலையும் சாயங்காலமும் ஆறு மணி சுமாருக்குக் கத்தறதால அந்தப் பேராம். இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியாவுலயும் குஞ்சு பொரிச்சுட்டு, குளிர்காலத்துக்கு நம்ம பக்கம் வர்ற பறவை. எங்க குலசாமி வாசல்ல அது வருஷா வருஷம் வந்துட்டிருக்கு, எனக்கு இத்தனை வயசுக்கு அப்புறம் தான் தெரியுது. வெட்கமாத் தான் இருந்தது.

இது சாதாரணக் காடு இல்ல மக்கா. உலர் பசுமைமாறாக் காடுன்னு சொல்றாங்க. ராமநாதபுரத்துலேருந்து ஆந்திராவோட தென்கரை வரைக்கும், கடலோரமா ஒரு ஒல்லியான பட்டையில மட்டும் இருந்த காடு. வருஷத்துல பாதி மழையே கிடையாது, ஐப்பசி கார்த்திகையில மொத்தமாக் கொட்டும். அப்படி ஒரு இடத்துல மரம் கோடையில இலையை உதுத்துட்டு நிக்கணும். காசானும் வீரையும் அப்படிச் செய்யாது. சின்னதா, தடிப்பா இலையை வெச்சுக்கிட்டு அக்னி நட்சத்திரத்துலயும் பச்சையா நிக்கும். ஆனா வளர்றது ஆமை வேகம். நாம மாலை போட்டுப் படம் எடுத்துக்கற ஒரு சாதாரண மரம் நம்ம தாத்தாவுக்குத் தாத்தாவைப் பாத்திருக்கலாம்.

மத்த எடத்துல எல்லாம் விறகுக்கும் வயலுக்கும் முந்திரித் தோப்புக்கும் போயிடுச்சு. மிஞ்சினதுல பெரும்பாலும் இந்த மாதிரி கோயில் காடுங்க தான். 1968ல ஆரோவில் ஆரம்பிச்சப்போ அது மொட்டைச் செம்மண் மேடு. அங்க பழைய காட்டைத் திரும்பக் கொண்டு வரணும்னு நெனச்சவங்க நாட்டு மர விதைக்கு எங்க போனாங்க? இந்தப் பக்கத்துக் கோயில் காடுகளுக்குத் தான். காட்டு இலாகாவோ, கம்பி வேலியோ இல்லாத காலத்துல இதைக் காப்பாத்தினது பயம். எங்க ஆயா சொல்லும், "காஞ்ச குச்சியைக் கூட எடுக்கக் கூடாது கண்ணு, எடுத்துட்டு வந்தா சாமி பின்னாடியே வீட்டுக்கு வந்துடும்". நான் பொறியியல் படிச்ச திமிர்ல சிரிச்சிருக்கேன். இப்போ யோசிச்சா, அதை விட மலிவான, அதை விட நல்லா வேலை செஞ்ச பாதுகாப்புத் திட்டம் எதுவும் எனக்குத் தெரியல.

இப்போ என்ன ஆச்சுன்னா, பக்தி கூடிடுச்சு, பயம் போயிடுச்சு. மத்தவங்களைச் சொல்ல வரல, எங்க குடும்பத்தையே சொல்றேன். போன வைகாசியில அண்ணன் பையனுக்குக் காதுகுத்து. மூணு வேன். வேனை நிழல்ல விடணும்னு புதரை மிதிச்சு ஏத்தினோம். மரத்தடியில சருகைக் கூட்டித் தள்ளி அடுப்பு மூட்டினோம். அந்தச் சருகுக்கு அடியில தான் அடுத்த தலைமுறை மரம் விரல் நீளத்துக்கு முளைச்சிருக்கும்னு அன்னிக்கு எனக்கும் தெரியாது. மைக் செட்டுல காலையிலேருந்து குத்துப் பாட்டு. கிளம்பும்போது பிளாஸ்டிக் கப், பாக்குமட்டைத் தட்டு, தண்ணி பாட்டில் எல்லாத்தையும் அங்கேயே விட்டுட்டு, திருநீறு பூசிக்கிட்டு வேன் ஏறினோம்.

இந்த மாதிரி காட்டுல ஓரத்தைத் திறந்து விட்டா வெயில் உள்ள வரும், வெயில் பின்னாடியே உண்ணிச்செடியும் வேலிகாத்தானும் வரும். பழத்தைத் தின்னுட்டு விதையைப் பரப்பறது சின்னானும் மரநாயும் வௌவாலும். அதுங்க எல்லாம் ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்துல குடித்தனம் நடத்துமா? மரம் நிக்கும், ஆனா புதுசா முளைக்க ஆள் இருக்காது. திருவக்கரைக் கதைதான், கல்லாகலையே தவிர.

சரி, அதுக்கு என்ன பண்ணலாம்? குரூப்புல நான் இந்த இடத்தைச் சொன்னதும் ஒரு நல்ல பையன் உடனே "சூப்பர் மச்சி, இங்க நடைபாதை, செல்ஃபி பாயிண்ட், பார்வைக் கோபுரம் எல்லாம் வெச்சா டூரிசம் பிச்சிக்கும்" ன்னான். அங்க தான் எனக்குக் கோபம். மரக்காணம் பக்கத்துக் கழுவேலிக்கு 2021ல பறவைகள் சரணாலயம்னு அறிவிப்பு வந்துச்சு, 2024ல ராம்சார் பட்டியல்லயும் சேந்துச்சு. ரொம்ப சந்தோஷம். ஆனா அது கண்ணுக்கெட்டின தூரம் தண்ணி, கோபுரம் வெச்சாத் தாங்கும். கோயில் காடு அப்படி இல்ல. உள்ள ஒரு பாதை போட்டா ரெண்டு ஓரம் உண்டாகும், நாலு பாதை போட்டா எல்லாமே ஓரம் தான். வேல்ஸ்ல என் நண்பன் நடந்தான்னா அங்க நடக்க எடம் இருக்கு. இங்க மிஞ்சினது கைக்குட்டை அளவு. அதனால என் கருத்து இது: காட்டுக்கு ஒரு வசதியும் வேணாம். ஏற்கெனவே இருக்கற தடத்துல, கூட்டமில்லாத நாள்ல, ஒருத்தர் ரெண்டு பேராப் போங்க, நில்லுங்க, வந்துடுங்க. சாமி கும்பிடறவங்க அடுப்பையும் வேனையும் வெளிய, வெட்டவெளியில வெச்சுக்கட்டும். யாரையும் வராதன்னு சொல்லக் கூடாது. அந்த ஜனங்க சாமியால தான் காடே இருக்கு. அவங்களை வெளிய தள்ளிட்டுக் காட்டை மட்டும் காப்பாத்தப் போறேன்னு கிளம்பற நகரத்து ஆர்வலர் கோஷ்டியிலயும் நான் இல்ல.

பேசறது சுலபம். தை மாசம் அண்ணன் பொண்ணுக்கு அங்க மொட்டை அடிக்கணும். பெரிப்பா கிட்டப் போய் நின்னேன். "பெரிப்பா, இந்தத் தடவை மைக் செட் வேணாம், சமையலை வெளிய வெச்சுக்கலாம், எவர்சில்வர் தட்டு நானே வாடகைக்கு எடுத்துட்டு வரேன்."

"ஏன்டா, நாலு எழுத்து படிச்சா சாமியையே திருத்துவியா? அவர் காட்டுக்கு அவருக்குக் காப்பாத்திக்கத் தெரியாதா?"

"நீங்க தான பெரிப்பா சொன்னீங்க, ஆயா அங்கேருந்து ஒரு குச்சி கூட எடுக்க விடாதுன்னு?"

அவர் ஒண்ணும் சொல்லாம வெத்தலை மடிச்சாரு. நேத்து ராத்திரி போன் வந்தது. "அடுப்பு வெளிய தான். மைக் செட்டு வேணாம்னு சொல்லிட்டேன். ஆனா மேளம் உண்டு, அதுல வாயைத் தொறக்காத."

மேளத்துக்கு நான் வாயைத் தொறக்கல.